ஒயர் டீச்சரின் முப்பத்தோராவது பாடம்

ஒயர் டீச்சர் என்று கேட்டால்தான் அந்தப் பள்ளிக்கூடத்தில் வழி சொல்வார்கள். பதிவேட்டில் இருக்கும் பெயரைச் சொன்னால் வாட்ச்மேனே, "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்று திருப்பி அனுப்பிவிடுவார். எல்லாம் அந்தக் கைப்பையால் வந்த பெயர். திறந்தால் பின்னிக்கொண்டு கிடக்கும் நாலைந்து ஒயர்கள், கறுப்பு டேப், உள்ளங்கை அளவு ஸ்பீக்கர், தீர்ந்ததும் தீராததுமாகக் கலந்து கிடக்கும் பாட்டரிகள். சாப்பாட்டு டப்பாவைத்தான் வாரத்தில் இரண்டு நாள் மறந்திருப்பார். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறார், இருபத்தேழு வருஷமாக.

இந்தக் காலத்தில் ஒயர் வைத்திருப்பது என்ன பெரிய அதிசயம் என்று கேட்பீர்கள். நியாயம்தான். எங்கே பார்த்தாலும் வகுப்பறைக்குள் புரொஜெக்டர் வந்துவிட்டது. படம் ஓடுகிறது, பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள், அந்த நேரத்தில் டீச்சர் நோட்டுத் திருத்தி முடித்துவிடுகிறார். மணியும் அடித்துவிடுகிறது. பிள்ளைகள் மண்டையில் என்ன நின்றது? ஒரு மண்ணும் இல்லை! இதற்குப் பெயர் நவீனக் கல்வியாம். கேட்டாலே வயிறு எரியும். ஒயர் டீச்சர் அந்த ரகம் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒரு பழைய டேப் ரெக்கார்டரை மேசைக்கடியில் வைத்துத் தன் வகுப்பையே பதிவு செய்தார். பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்கலாம் என்று நினைப்பு. வீட்டில் போட்டுக் கேட்டால் கதையே வேறாக இருந்தது. கேள்வி கேட்கிறார். இரண்டே விநாடி. அவரே பதிலையும் சொல்லிவிடுகிறார். நாற்பது நிமிஷமும் இதே கூத்து. கேள்வியும் நானே பதிலும் நானே என்றால் நாற்பது பிள்ளைகள் எதற்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள்? வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

அன்றிலிருந்து ஒரு கேள்வி கேட்டால் வாயை மூடிக்கொண்டு முதுகுக்குப் பின்னால் விரல்விட்டு எண்ணுவார். மூன்றில் முதல் பெஞ்சு கையைத் தூக்கும். ஆறில் நடு பெஞ்சு. கடைசியில் இருப்பவர்கள் யோசித்து, பயம் தெளிந்து, கையைத் தூக்கப் பதினொன்று ஆகும். வருஷா வருஷம் பிள்ளைகள் மாறினார்கள், அந்தப் பதினொன்று பெரிதாக மாறவில்லை. டேப் போய் சிடி வந்தது, சிடி போய் செல்போன் வந்தது, பள்ளிக்கென்று ஒரு வெப்சைட்டும் வந்தது. அவர் பதிவு செய்த எந்தப் பாடத்தைப் போட்டாலும் கேள்விக்குப் பின்னால் பதினோரு விநாடி சும்மா ஓடும்.

அப்படிப்பட்டவருக்குத்தான் தொண்டை கட்டியது. வெந்நீர், மாத்திரை, அக்கம்பக்கத்தார் சொன்ன பத்து வைத்தியம், ஒன்றும் பலிக்கவில்லை. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல் வரும் இடத்திலேயே கட்டி என்றார்.

"மூணு வாரத்துல ஆபரேஷன் வெச்சுக்கலாம். அதுவரைக்கும் ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல பேசக்கூடாது. அதுக்கப்புறம் ஆறு மாசம் வாயே தெறக்கக்கூடாது. குரல் திரும்பி வந்தா சந்தோஷம். வரலேன்னா பழகிக்கணும்மா."

வேறு யாராக இருந்தாலும் உட்கார்ந்து அழுதிருப்பார்கள். இவர் கணக்கு டீச்சர் ஆயிற்றே! இருபத்தொரு நாள், நாளுக்கு அரை மணி, ஒரு பாடத்துக்கு இருபது நிமிஷப் பேச்சு. முப்பத்தொரு பாடம் தேறும் என்று நோட்டில் எழுதிக்கொண்டார். அன்றாடம் பள்ளி விட்டதும், லீவு நாளில் வாட்ச்மேனைத் திறக்கச் சொல்லியும், கம்ப்யூட்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். காற்றாடி இரைச்சல் விழும் என்று அதையும் நிறுத்திவிடுவார். எதிரொலி வராமல் இருக்க ஜன்னலில் பழைய போர்வை. செல்போனை மர ஸ்கேலில் கட்டி, இரண்டு ஸ்டூலுக்கு நடுவே தொங்கவிட்டு, அதன் கீழே வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டே பேசுவார். வியர்வை தாளில் சொட்டும். கேள்வி கேட்டுவிட்டு அந்தக் காலி அறையில் பதினொன்று எண்ணுவார். இருக்கிற அரை மணியையும் வகுப்புக்கே கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வெறும் வாயோடு போவார்.

அவர் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். கேலிக்குக் குறைவில்லாத மனுஷன். "கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷத்துல இன்னிக்குத்தான் ஒரு பேச்ச முழுசாப் பேசி முடிச்சிருக்கேன்" என்றார் ஒரு நாள். சொன்ன வேகத்தில் சமையலறைக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரல்தான் போனது போனதாக இருந்தது. ஒரு மாதம் கழித்து டீச்சர் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு வகுப்புக்கு வந்து, முதல் பாடத்தைத் திரையில் போட்டார். திரையில் அவர் பேச, நேரில் அவர் நிற்க, பிள்ளைகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார்கள். நாலாம் நாள் சிரிப்பு நின்று பாடம் நடந்தது. வராத பிள்ளைகள் வெப்சைட்டில் கேட்டார்கள். முப்பது பாடம் இப்படியே ஓடியது.

அப்போதுதான் தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நல்ல மனுஷிதான், மேலிடம் என்றால் மட்டும் நடுங்குவார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு, புதன்கிழம, கல்வி அதிகாரி உங்க கிளாஸப் பாக்க வர்றார். வீடியோ நல்லா இருந்தா எல்லா ஸ்கூலுக்கும் அனுப்பிடலாம்ங்கறார். ஓட்டறதுக்கு யாரா இருந்தா என்னன்னு கேக்கறார். உங்களப் புத்தக ஸ்டோருக்கு மாத்திட்டா உங்களுக்கும் ரெஸ்டுதானேன்னு..."

கேட்டீர்களா நியாயத்தை! பாடம் நன்றாக ஓடினால், அதுதான் தானாக ஓடுகிறதே, டீச்சர் எதற்கு? ஓடாவிட்டால், பேச முடியாத டீச்சர் எதற்கு? இரண்டில் எது நடந்தாலும் ஸ்டோர்தான். பதில் சொல்லக் குரலும் இல்லை. டீச்சர் நோட்டில் "எட்டாம் வகுப்பு என்னுடையது" என்று எழுதிக் காட்டினார். தலைமையாசிரியை அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இங்கேதான் கம்ப்யூட்டர் சார் உள்ளே வருகிறார். பள்ளியின் கம்ப்யூட்டர், புரொஜெக்டர், வெப்சைட் எல்லாம் அவர் பொறுப்பு. எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவர். டீச்சர்மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை. அதிகாரி வருகிறார் என்றதும், டீச்சரின் பாடங்களைத் தானே ஒரு தரம் மெருகேற்றி வைப்போம் என்று நினைத்தார். போட்டுப் பார்த்தால் நடுநடுவே சத்தமே இல்லாமல் ஓடுகிறது. பாவம், தொண்டை வலியில் பேச முடியாமல் நிறுத்தியிருக்கிறார்கள் என்று அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. சத்தமில்லாத இடங்களைத் தானாகவே தேடி வெட்டிவிடும் மென்பொருள் ஒன்று அவரிடம் இருந்தது. முப்பத்தொரு பாடத்தையும் அதில் கொடுத்து வெட்டி, பழையதன் மேலேயே பதிந்து, வெப்சைட்டிலும் ஏற்றிவிட்டார். டீச்சரிடம் சொல்லவில்லை. புதன்கிழமை பார்த்து அசந்துபோகட்டும் என்று இருந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

புதன்கிழமை அதிகாரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டார். பக்கத்தில் தலைமையாசிரியை. டீச்சர் முப்பத்தோராவது பாடத்தைப் போட்டார்.

"ஒரு படத்தோட அகலம் நூறு சென்டிமீட்டர்" என்றது திரையிலிருந்து அவர் குரல். "அத இருபது சதவீதம் பெருசாக்கறோம். அப்புறம் இருபது சதவீதம் சின்னதாக்கறோம். பழைய அளவுக்கே வந்துடுமா?"

முதல் பெஞ்சு, "வந்..." என்று வாயைத் திறப்பதற்குள், "வராது பாத்தீங்களா" என்று அதே குரல் பாய்ந்து போனது. அடுத்த கேள்வி, அடுத்த பதில். பிள்ளைகள் பேனாவைத் திறந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் டேப்பில் கேட்ட அதே அவசரக்காரி திரையில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். தன் மௌனத்தை யாரோ வெட்டி எடுத்திருக்கிறார்கள் என்று டீச்சருக்குப் புரிந்துபோனது. செல்போனில் இருந்ததை அன்றன்றே கம்ப்யூட்டருக்கு மாற்றி அழித்துவிட்டிருந்தார்; மறுபடி பேசிப் பதிவு செய்யவும் வழியில்லை. அறை ஓரத்தில் கம்ப்யூட்டர் சார் முகம் வெளுத்து நின்றார்.

குரல் போனால் போகட்டும், மௌனத்துக்குமா பஞ்சம்? டீச்சர் விறுவிறுவென்று போய்ப் பாடத்தை முதலிலிருந்து போட்டார். கேள்வி முடிந்ததும் விசைப்பலகையில் விரலால் ஒரு தட்டு. திரை அப்படியே நின்றது.

"என்னம்மா, மாட்டிக்கிச்சா?" என்றார் அதிகாரி.

தலைமையாசிரியை எழுந்தேவிட்டார். டீச்சர் உள்ளங்கையைக் காட்டி, பொறுங்கள் என்றார்.

"அது தப்பாச் சொல்லுது டீச்சர், வந்துடும்!" என்று முன்பெஞ்சு கத்தியது. நடு பெஞ்சும் தலையாட்டியது. டீச்சர் மறுபடி தட்டவில்லை. பின்னால், அதிகாரிக்கு முன் பெஞ்சில், பிள்ளைகள் 'நிதானம்' என்று கூப்பிடும் பெண் நோட்டில் எதையோ போட்டு, அடித்து, மறுபடி போட்டுக்கொண்டிருந்தாள். அறையே அவளைப் பார்த்தது. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அவள் பதறவில்லை.

"வராது டீச்சர்" என்று எழுந்தாள். "நூறு நூத்தியிருபது ஆயிடுது. அப்புறம் குறைக்கறது நூத்தியிருபதுல இருபது சதவீதம். இருபத்தி நாலு போயிடும். தொண்ணூத்தாறுதான்."

டீச்சர் மறுபடி ஒரு தட்டு தட்டினார். "வராது பாத்தீங்களா" என்றது திரை. வகுப்பே கைதட்டியது.

பாடம் முழுக்க அவர் அந்த விசைப்பலகையை விட்டு நகரவில்லை. பாடம் முடிந்ததும் அதிகாரி, "நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்கம்மா. சார், இதையே நீங்க ஓட்டுங்க" என்றார். டீச்சர் வெளியே போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

கம்ப்யூட்டர் சார் ஒரு கேள்விக்கு நிறுத்தினார், உடனே விட்டார். அடுத்ததை நிறுத்தவே மறந்தார். மூன்றாவதில் எழுந்து நின்றுவிட்டார்.

"சார், எனக்கு எங்க நிறுத்தணும், எப்ப விடணும்னு தெரியல. டீச்சர் எல்லாத்தையும் சரியாத்தான் பண்ணியிருந்தாங்க. அவங்க விட்ட இடைவெளிய எல்லாம் கோளாறுன்னு நெனச்சு நான்தான் வெட்டிப் போட்டேன். என்ன நடவடிக்கைன்னாலும் என்மேல எடுங்க."

நல்லது செய்யப் போய்க் கெடுத்தவர்களில் எத்தனை பேர் இப்படி நாலு பேர் முன்னால் ஒத்துக்கொள்வார்கள்? வெளியே நின்ற டீச்சருக்கு அவர்மேல் இருந்த கோபம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. மீதிப் பாதி அடுத்த வாரம் வரை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதிகாரி டீச்சரை உள்ளே கூப்பிட்டார்.

"இடைவெளி எவ்வளவு விடுவீங்க?"

டீச்சர் பலகையில் 11 என்று எழுதினார்.

"இல்லம்மா. நான் கடிகாரம் பாத்துட்டுத்தான் இருந்தேன். ஒரு எடத்துல அஞ்சு விட்டீங்க. ஒரு எடத்துல இருபத்திரெண்டு. ஒவ்வொரு தடவையும் புள்ளைங்க மூஞ்சியப் பாத்துத்தான் விட்டீங்க."

டீச்சர் திகைத்துப்போனார். பதினொன்றை எண்ண அன்று அவர் மறந்தே போயிருந்தார்.

"வீடியோவ எல்லா ஸ்கூலுக்கும் அனுப்பிடலாம். இந்த வெரல எப்படி அனுப்பறது?" என்ற அதிகாரி, தலைமையாசிரியை பக்கம் திரும்பினார். "ஸ்டோருக்கு வேற ஆளப் பாருங்க. எட்டாம் கிளாஸ் இவங்களோடதுதான்." பிறகு பேனாவை மூடிப் பைக்குள் வைத்து எழுந்தவர், ஏதோ நினைவு வந்தவராக நின்றார். "ஆனா ஒண்ணு. பதிவு பண்ணினது இதோட தீந்துபோச்சாமே. நாளைக்கு என்னம்மா செய்வீங்க?"

டீச்சர் கைப்பையிலிருந்து செல்போனை எடுத்து, ஒயரைச் செருகினார். முப்பத்திரண்டாவது பாடம் திரையில் வந்தது. வெள்ளைத்தாள், அதன்மேல் அவர் கை. சத்தம் சுத்தமாக இல்லை. அந்தக் கை ஒரு வரியை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துக் காத்திருந்தது.

வகுப்பும் காத்திருந்தது. பிறகு நிதானம் என்ற பெண் எழுந்து நின்று அந்த வரியைச் சத்தமாகப் படித்தாள். இரண்டாவது வரியைப் படிக்க ஒன்பது கைகள் உயர்ந்தன. அதிகாரி மறுபடியும் உட்கார்ந்தார்.