செந்தில் ஜோடித்த கார்

பேரன் கைபேசியில் கார்ப் பந்தயம் விளையாடிக்கொண்டிருந்தான். கியர் மாறும்போது எழுந்த சீறலைக் கேட்டதும் என் மகன் செந்திலின் பன்னிரண்டு வயது நினைவுக்கு வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசி. நான் ராஜபாளையத்தில் கல்லூரி ஆசிரியர். செந்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீடியோ கேம் கடைக்குப் போவான். அங்கே டிவியில் ஜப்பான் கார்களை வைத்துத் தெருப் பந்தயம் விடலாம். ஜெயிக்க ஜெயிக்கத் தன் காருக்கு அகல டயர் மாட்டினான், பின்னால் இறக்கை வைத்தான், கத்தரிப்பூ நிறம் அடித்தான். தேரை ஜோடிப்பது போல மாதக்கணக்கில் ஜோடித்தான். அந்தக் கார், கடையில் செருகி விளையாட அவன் சொந்தமாக வைத்திருந்த மெமரி கார்டில் பதிவாகியிருந்தது. கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே தூங்குவான்.

"ஒரு நா வந்து என் காரப் பாருங்கப்பா" என்று பலமுறை கூப்பிட்டான். நான் போகவில்லை.

அரைப்பரீட்சையில் கணக்கில் பெயிலானான். கார்டைப் பிடுங்கிச் சுத்தியலால் உடைத்தேன்.

"பிளாஸ்டிக் துண்டுக்கு எதுக்குலே இம்புட்டு அழுக? பாஸ் பண்ணு, புதுசு வாங்கித் தாரேன்" என்றேன்.

பாஸ் பண்ணினான். வாங்கிக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது காலி கார்டுப்பா. இதுல என் கார் இல்ல."

எல்லாக் கார்டும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன், இத்தனை படித்த நான். அதன் பிறகு அவன் என்னிடம் எதையுமே காட்டியதில்லை.

பேரன் கைபேசியை என் பக்கம் நீட்டினான். "தாத்தா, என் காரப் பாரேன்."

உள்ளேயிருந்து செந்தில் கோபமே இல்லாமல் சொன்னான்: "தாத்தாவத் தொந்தரவு பண்ணாதலே. அவியளுக்கு இதெல்லாம் பிடிக்காது."