அடக்கிய மூச்சு

ஸ்டூடியோக்காரருக்கு ஒரு பழக்கம். பொத்தானை அழுத்தும் முன் உதடுகள் ஒட்டிக்கொள்ளும். இழுத்த மூச்சு நெஞ்சிலேயே நிற்கும். மூக்கு நுனிகூட அசையாது. கை ஆடிப் படம் கலங்கிவிடக் கூடாதென்று இளவயதில் பழகியது, உடம்போடு ஊறிவிட்டது. எதிரே உட்கார்ந்திருப்பவர்களும் தங்களை அறியாமல் மூச்சடக்குவார்கள். விளக்கைப் பிடித்து நிற்கும் மனைவிதான், "போதும், மூச்ச விடுங்க. அவங்க முகமும் சேந்து செவக்குது" என்பாள்.

ஆளாளுக்குக் கையில் கேமரா வந்த பிறகு கடையில் ஈ ஓட்ட வேண்டியதாயிற்று. தண்ணீருக்கடியில் படமெடுக்கக் கற்றுக்கொள்வதென்று கிளம்பினார்.

"இந்த வயசுலயா?" என்றாள் மனைவி.

"மீனு என் வயசக் கேக்காது."

பயிற்சி கொடுத்தது மகள் வயதுப் பெண். நீச்சல்குளத்தில் அவர் முதுகில் காற்று உருளையை மாட்டிவிட்டு அவள் சொன்ன முதல் பாடமும் கடைசிப் பாடமும் ஒன்றுதான். "சார், உள்ள மூச்ச அடக்கவே கூடாது. அடக்கினா உடம்பு தானா மேல ஏறும். அப்படி மேல வந்தா, உள்ள இருக்கற காத்து விரியும். நுரையீரல் கிழிஞ்சிரும்."

"பலூன் மாதிரியா?"

"சிரிக்காதீங்க சார்."

குளத்தில் ஒழுங்காகத்தான் மூச்சு விட்டார். கையில் அப்போது கேமரா இல்லை.

கடலில் முதல் நாள். பாறையிடுக்கில் ஒரு மஞ்சள் மீன். நெருங்கினார், மூச்சுக்குமிழ்கள் பட்டதும் விலகியது. மறுபடி நெருங்கினார். இந்த முறை விலகவில்லை. அதன் கண் திரையில் துல்லியமாக விழுந்தது. குமிழ்களின் சத்தம் நின்றுபோயிருந்தது. அந்த அமைதி அவருக்குப் பிடித்திருந்தது. மெல்ல மெல்ல வெளிச்சம் கூடிற்று; மேலே மேகம் விலகுகிறது போலும் என்று நினைத்தார். மீன் படத்தின் கீழ் விளிம்புக்கு நழுவியது. அதுதான் இறங்குகிறது என்றே நம்பினார். நெஞ்சு இறுகிற்று. இன்னும் ஒரே ஒரு படம்.

வயிற்றில் ஒரு குத்து விழுந்தது. வாயிலிருந்து குமிழ்கள் கொத்தாகச் சீறின. பாறை எங்கோ கீழே கிடந்தது. கடலின் மேற்பரப்பு கைக்கெட்டும் உயரத்தில்.

படகில் ஏறியதும், குத்திய பயிற்சிப் பெண்மேல் எரிந்து விழுந்தார். "அருமையான படம்மா! கெடுத்துட்டியே!"

"இருமித் துப்புங்க சார். ரத்தம் வருதான்னு பாருங்க" என்றாள் அவள். இருமினார். துப்பியதை உற்றுப் பார்த்தார். வெறும் உப்புநீர். மறுபடி இருமி, மறுபடி பார்த்தார்.

அவள் எப்படி அத்தனை அருகில் இருந்தாள் என்பது வெகுநாள் கழித்தே தெரிந்தது. அன்று காலை கடையைத் திறந்த கையோடு மனைவி அவளுக்கு ஃபோன் செய்திருந்தாள்: "கேமராவக் கண்ணுல வச்சா இவரு மூச்சு விட மாட்டாரும்மா. சொன்னா காதுல விழாது. அடிச்சாத்தான் உண்டு."