அக்காவுக்குத் திறந்த மூடி

மாமா கடைந்த குங்குமச் சிமிழைத் திறந்தால் ‘டப்’ என்று ஒரு சத்தம் வரவேண்டும். வராத சிமிழ் அவர் கையைவிட்டு வெளியே போகாது. கல்யாண வீடுகளில் புதுப்பெண் அந்தச் சிமிழை வாங்கி, இடது கையால் அடியை இறுகப் பிடித்து, வலது கையால் மூடியைத் திருகி இழுப்பாள். சத்தம் கேட்டதும் சுற்றி நிற்கும் பெண்கள் சிரிப்பார்கள். மாமா பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, தன் காதில் விழாததுபோல் முகத்தை வைத்துக்கொண்டிருப்பார். பந்திக்காக அல்ல, அந்தச் சத்தத்துக்காகத்தான் அவர் கல்யாணங்களுக்கே போகிறார் என்று நான் கேலி செய்வேன். மறுக்கமாட்டார்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். பீடோர் பக்கத்தில் ஒரு தோட்டத்து ரப்பர் ஆலையில் மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தவர். தோட்டம் கைமாறி ஆலையை மூடிய பிறகு ஈப்போவுக்கு வந்து, ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் இரும்புப் பட்டறையில் வயது போகும்வரை வேலை பார்த்தார். நானும் அவர்கள் வீட்டோடுதான் இருந்தேன். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அமையவில்லை என்பது ஊருக்குச் சொல்லும் பேச்சு. வந்த இரண்டு மூன்று வரன்களையும் நான்தான் வேண்டாம் என்றேன். பகலில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை, மாலையில் அக்காவின் சமையல், அதற்குப் பிறகு மூவரும் டிவி முன்னால். எனக்கு அது போதுமென்று இருந்தது.

வீட்டின் பின்பக்கம் தகரக் கூரை இறக்கி, அதன் கீழே மாமா ஒரு பழைய கடைசல் மெஷினைப் போட்டிருந்தார். தோட்டங்களில் பால் வற்றிய மரங்களைச் சாய்க்கும்போது, தெரிந்தவர்களிடம் சொல்லிவைத்து ரப்பர் கட்டைகளைக் கொண்டுவருவார். பச்சைக் கட்டையின் புளித்த வாடை சமையலறைவரை வரும். அக்கா ஜன்னலைச் சாத்திக்கொண்டு முணுமுணுப்பாள். சிமிழை ஒரே தடவையில் கடைந்து முடிக்க முடியாது. முதலில் தடிப்பாகக் கடைந்து மாதக்கணக்கில் காயவிட வேண்டும். காயும்போது மரம் தன் இஷ்டத்துக்குக் கோணிக்கொள்ளும். அந்தக் கோணலெல்லாம் தீர்ந்த பிறகு இரண்டாம் முறை மெஷினில் ஏற்றுவார். மூடியும் அடியும் ஒரே கட்டையிலிருந்து வரவேண்டும். மூடினால் மரத்தின் ரேகை மேலிருந்து கீழ்வரை அறுபடாமல் ஓடவேண்டும். மூடியின் விளிம்பு வாய்க்குள் இறங்கும் இடத்தில்தான் அவருடைய உயிர் இருந்தது. மெல்ல ஒரு சீவல் சீவுவார், மெஷினை நிறுத்துவார், மூடிப் பார்ப்பார், மறுபடி சீவுவார். ஒரு சீவல் கூடிப்போனால் மூடி தொளதொளத்துவிடும். அந்தச் சிமிழை யார் கேட்டாலும் தரமாட்டார். “லூசு மூடிதான் வேணும்னா பிஸ்கட் டின்ன கழுவி வச்சுக்கலாம்லா” என்பார்.

அக்காவுக்கு ஸ்ட்ரோக் வந்தது ஒரு சாதாரணக் காலையில். பால் பாத்திரம் கையிலிருந்து நழுவிய சத்தம் கேட்டு ஓடினேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது பேச்சு இருந்தது, ஆனால் நிதானப்பட்டிருந்தது. வலது காலை இழுத்து இழுத்து நடந்தாள். வலது கை அவளுடையதே இல்லை என்பதுபோல் மடியில் கிடந்தது. குளிப்பாட்டுவது, உடுத்துவது, தலை வாருவது எல்லாவற்றையும் அவள் எனக்கு விட்டுக்கொடுத்தாள். பொட்டு வைக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பெரிதாய் வைக்கிறாய், மேலே வைக்கிறாய் என்று குறை சொல்வாள். குறை என் விரலில் இல்லை என்று எனக்குப் புரிய நாளாயிற்று. கல்யாணமான நாளிலிருந்து தானே வைத்துக்கொண்ட பொட்டை இன்னொருத்தி வைப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

மாமாவுக்கும் அது தெரிந்துவிட்டது. சாமி மேடையில் இருந்த சிமிழை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தார். கல்யாணமான புதிதில் அவளுக்காகக் கடைந்தது, ஈப்போவிலேயே அதைப்போல் மூடி கிடையாது என்று அவர் சொல்லிக்கொள்வது. அக்கா அதை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி இடது கையால் இழுத்தாள். முகம் சிவந்ததே தவிர மூடி அசையவில்லை. கொஞ்சம் திருகி இழுக்க வேண்டும் என்று மாமா சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அக்கா சிமிழைக் கட்டிலில் போட்டுவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“ரெண்டு கையும் இருந்தப்பவே இத என்னால தொறக்க முடிஞ்சதில்லங்க.”

பிறகு என்னிடம் அலமாரியைத் திறக்கச் சொன்னாள். சேலைகளுக்குப் பின்னால் ஒரு பழைய தைல பாட்டில் இருந்தது. அதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். மிச்சக் குங்குமத்தைப் போட்டு வைத்திருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். அத்தனை வருடமும் அவள் பொட்டு வைத்துக்கொண்டது அதிலிருந்துதான். சாமி மேடையில் இருந்த சிமிழ் வெள்ளிக்கிழமைகளில் துடைத்து வைக்கப்பட்டதோடு சரி. இப்போது அந்தப் பாட்டிலின் திருகுமூடிக்கும் இரண்டு கை வேண்டியிருந்ததால்தான் உண்மை வெளியே வந்தது. ஏன் சொல்லவில்லை என்று மாமா கேட்டார். “எல்லாரும் அந்தச் சத்தத்துக்கு உங்கள மெச்சுறாங்க. நான் எப்படிங்க சொல்றது” என்றாள்.

அந்த வாரம் முழுக்கப் பின்பக்கம் மெஷின் சத்தமே கேட்கவில்லை. ஊரே மெச்சிய கையை வீட்டுக்காரி மெச்சவில்லையென்றால் எந்த மனிதருக்கும் வலிக்கும். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது. சிக்கலை நானே தீர்த்துவிடலாமென்று, கீல் வைத்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கடைத்தெருவில் வாங்கிவந்தேன். மாமா அதைப் பார்த்த பார்வையில் அது உருகாமல் இருந்ததே பெரிது. தட்டில் கொட்டித் திறந்தே வைத்துவிடலாமே என்றதற்கு அக்கா என்னைத் திட்டினாள். குங்குமத்தை அப்படித் திறந்து போடுகிற வீடா இது என்றாள்.

மறுவாரம் மெஷின் ஓடியது. மாமா தன் வாழ்நாளில் முதல்முறையாக வேண்டுமென்றே லூசு மூடி கடைந்தார். முதல் சிமிழின் மூடி கை பட்டாலே சரிந்தது. தீபாவளியன்று குங்குமம் முழுக்க அக்காவின் புதுச்சேலையில் கொட்டியது. அடுத்ததில் மூடியைத் தூக்கினால் அடியும் கூடவே எழுந்து வந்தது. அதற்காக அடியை மெர்பாவ் என்ற கடின மரத்தில் கனமாகவும் அகலமாகவும் செய்தார். ஒரே மரத்தில்தான் செய்வேன் என்ற பிடிவாதம் அதோடு போயிற்று, ரேகையும் போயிற்று. பகலில் நன்றாகத் திறந்த அந்தச் சிமிழ், ராத்திரி பெய்த மழையில் ஊறி, காலையில் கல்லாகிக் கிடந்தது. ஈப்போ மழையைப் பற்றிக் கேட்கவா வேண்டும். மழைக்கு ஒன்று வெயிலுக்கு ஒன்று என்று இரண்டு செய்துவிடுங்கள் என்று நான் சொன்னேன். அவர் சிரிக்காமல் அதையும் யோசித்தார்.

அந்த மாதங்களில் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதைப்போல் அதற்கு முன்னால் பேசி நான் கேட்டதில்லை. மாலையில் மாமா தூசியோடு உள்ளே வந்து சிமிழை நீட்டுவார். அக்கா இடது கையால் திறந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வாள். குமிழ் வழுக்குகிறது, வாய் குறுகல், விரல் போகவில்லை. அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போவார். டிவி முன்னால் நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். கடைசியில் விளிம்பை நேராக விடாமல், கீழே போகப்போக ஒரு மயிரிழை ஒடுங்கும்படி சீவினார். மேலே உட்காரும்போது அசையாமல் உட்கார்ந்தது, கொஞ்சம் தூக்கியதும் தானாக விட்டுக்கொண்டது. மழையில் ஊறியும் பிடிக்கவில்லை. சத்தம் மட்டும் இல்லை. மாமா காதருகே வைத்துத் திறந்து திறந்து மூடினார். சத்தமே வரவில்லையே என்று குறைப்பட்டார்.

“சத்தத்தையா நெத்தியில வைக்கிறது” என்றாள் அக்கா.

மறுநாள் காலை அவள் தானே மூடியை எடுத்து மல்லாக்க வைத்து, விரலைத் தொட்டு, கண்ணாடியைப் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டாள். பொட்டு இடது புருவத்தின் பக்கம் நன்றாகவே ஒதுங்கியிருந்தது. நாங்கள் அதைச் சொல்லவில்லை. மாமா பின்பக்கம் போய் மெஷினை ஓடவிட்டார். எட்டிப் பார்த்தேன், கட்டை எதுவும் மாட்டியிருக்கவில்லை. அழுவது எங்களுக்குக் கேட்கக்கூடாது என்று நினைத்தார்போலும்.

அதற்குப் பிறகு கல்யாணங்களுக்குச் செய்த சிமிழ்களுக்கும் அவர் அந்த மூடியையே வைத்தார். முதல் கல்யாணத்தில் பெண் திறந்தபோது சத்தம் வரவில்லை. சிரிக்கக் காத்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமாவுக்கு வயதாகிவிட்டது, கை தளர்ந்துவிட்டது என்று என் காதுபடவே பேசினார்கள். எனக்குக் கோபம் வந்தது. காரில் வரும்போது, ஒன்றிரண்டையாவது பழைய மாதிரி செய்து அவர்கள் வாயை அடைக்கலாமே என்றேன். “எந்தப் பிள்ளை எந்த வீட்ல தொறக்க முடியாம வச்சிருக்கோ, யாருக்குத் தெரியும்” என்றார். அதன்பின் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அக்காதான் முதலில் போவாள் என்று நாங்கள் மூவருமே மனதைத் தயார்செய்து வைத்திருந்தோம். ஆனால் சந்தைக்குப் போன இடத்தில், காப்பிக்கடை நாற்காலியில் சாய்ந்தபடி மாமா போய்விட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு மாமாவின் மூத்த சகோதரி பீடோரிலிருந்து வந்திருந்தார். இளம் வயதிலேயே புருஷனை இழந்தவர், கெட்ட மனுஷி அல்ல. முறைப்படி அவர்தான் அக்காவின் பொட்டை ஈரத்துணியால் துடைத்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கொடுத்தாள். சிமிழ் அவள் மடியில் இருந்தது. அதையும் ஆற்றில் விடும் சாமான்களோடு சேர்க்க வேண்டும் என்று அவர் கை நீட்டினார். அக்கா கொடுக்கவில்லை. இனிமேல் அது உனக்கு எதற்கு என்று அவர் மெதுவாகத்தான் கேட்டார். அக்கா இடது கையால் அதைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தாள்.

அதற்குள் சட்டம் போட்ட மாமாவின் படத்தைக் கொண்டுவந்து நாற்காலியில் வைத்தார்கள். மாலை போட்டு, சந்தனம் வைத்தாயிற்று. குங்குமம் எங்கே என்று யாரோ கேட்டார்கள். அக்கா எழுந்தாள். காலை இழுத்துக்கொண்டு படத்தின் முன்னால் போய், சிமிழை நாற்காலியின் ஓரத்தில் வைத்து மூடியை எடுத்தாள். துடைத்த ஈரம் அவள் நெற்றியில் இன்னும் காயவில்லை. வேண்டாம், நீ தொடக்கூடாது என்று பின்னாலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது.

“என் நெத்திக்குத்தானே கூடாது அண்ணி. அவரு நெத்திக்கு நான் வைக்கலாம்லா” என்றாள்.

நாத்தனார் ஓரமாக விலகி நின்றார். அக்கா விரலைத் தொட்டு, சந்தனத்தின்மேல் அழுத்தி வைத்தாள். பொட்டு ஒரு பக்கமாகத்தான் விழுந்தது. அதை நேராக்க யாரும் போகவில்லை.

அதிலிருந்து தினமும் காலையில் அதுதான் அவள் முதல் வேலை. கை எட்டட்டும் என்று படத்தை நான் தாழ்வாக மாட்டிக்கொடுத்தேன். நான் கிளினிக்கிலிருந்து வரும்வரை அவள் அந்த வீட்டில் தனியாக, அந்தப் படத்தின் எதிரில்தான் உட்கார்ந்திருப்பாள். என்ன நினைப்பாள் என்று நான் கேட்டதில்லை. இப்போது அவளும் இல்லை. மெஷினை ஒருவர் வந்து எடுத்துப் போய்விட்டார். தகரக் கூரையின் கீழே துணி காயப்போடுகிறேன். சுவரில் இரண்டு படங்கள் இருக்கின்றன. காலையில் மூடியைத் தூக்கி இருவருக்கும் பொட்டு வைக்கிறேன், எனக்கு இரண்டு கையும் நன்றாக இருந்தும் அது ஒரு விரலுக்கே வந்துவிடுகிறது. பக்கத்தில் இன்னொரு படத்துக்கு இடம் இருக்கிறது. அதற்கு வைக்க இந்த வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். சில காலைகளில் அது எனக்குப் பயமாக இருக்கிறது. மூடியைப் போட்டுவிட்டுக் காப்பி கலக்கப் போகிறேன்.