நல்ல கேஸ்

'நல்ல கேஸ்' என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் நான் அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடுவேன். எழுபதுகளின் கடைசியில் நான் மருத்துவப் படிப்பில் மூன்றாம் வருடம். நோயாளியைத் தொட்டுப் பார்க்க எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் புரொபசர்கள் இல்லை, இறுதியாண்டு மாணவர்கள். புரொபசர்களுக்கு நேரம் ஏது? சீனியர் யாராவது ஒரு நல்ல கேஸை, அதாவது நோய் கைக்குத் தெளிவாகத் தட்டுப்படுகிற ஆளாகப் பார்த்து, பிடித்து வைப்பார். நாங்கள் வரிசையில் நின்று ஆளுக்கொரு தடவை அமுக்கிப் பார்ப்போம். "தெரியுதா?" என்பார். தெரியாவிட்டாலும் தெரியுது சார் என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். படிப்பு நடந்த லட்சணம் அவ்வளவுதான்.

புதூர்நாடு என்ற மலை ஊரில் இலவச மருத்துவ முகாம் போட்டபோது அந்தக் கூத்தை மலைக்கும் கொண்டுபோனோம். பள்ளிக்கூடத்து பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டதுதான் கட்டில். புரொபசர் வெளியே பலாமரத்தடியில் உட்கார்ந்து மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். உள்ளே எங்கள் சீனியர். வெள்ளைக் கோட்டில் முந்தின நாள் குழம்புக் கறை, நகக்கண்ணெல்லாம் அழுக்கு. நெல்லிவாசல் பக்கத்திலிருந்து விடியுமுன்பே புருஷனோடு நடந்து வந்திருந்த ஒரு பெண்ணைப் படுக்கவைத்து, அந்தக் கையால் அடிவயிற்றை அமுக்கினார். முகம் மலர்ந்துவிட்டது.

"கர்ப்பப்பையில கட்டி. நல்ல கேஸ். எல்லாரும் வாங்க."

வந்தார்கள். அமுக்கினார்கள், விரலால் தட்டினார்கள். உருண்டையா இருக்கு சார், கீழ் விளிம்பு கைக்கு எட்டலை சார். பொரி தின்றுகொண்டிருந்த ஒருத்தன் கையைப் பேண்ட்டில் துடைத்துவிட்டு வந்து அமுக்கினான். அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தாள். வாசலில் நின்ற புருஷனிடம் சீனியர், "கீழ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க, ஆபரேஷன் பண்ணணும்" என்றார். அந்த ஆள் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

முகாமுக்கு வந்த மாணவர்களில் பெண் நான் ஒருத்திதான். என் முறை வந்ததும் குனிந்து, "வலிக்குதாம்மா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுக்குப் போவணும்மா," என்று காதோடு சொன்னாள். "காலைலருந்து அடக்கினு கீறேன். இத்தினி ஆம்பளைங்க நிக்கிறாங்க, எப்டி சொல்றது?"

வயிற்றைத் தொடுமுன் நோயாளியைச் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்கு முதல் பாடம். பரீட்சையில் எல்லோரும் கடகடவென்று ஒப்பிப்போம். ஆனால் வார்டில் நாங்கள் போவதற்கு முன்பே ஆயாம்மா அந்த வேலையை முடித்து வைத்திருப்பாள். அதனால் யாரும் எந்த நோயாளியிடமும் அதை வாய்விட்டுக் கேட்டதே இல்லை. மலையில் ஆயாம்மா கிடையாது.

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் கூட்டிப்போய்த் திரும்ப அழைத்து வந்தேன். கட்டி போன இடம் தெரியவில்லை. சீனியர் மறுபடி அமுக்கிப் பார்த்தார், பிறகு சிரித்தார். "சரி, யாரும் புரொபசர்கிட்ட வத்தி வச்சிடாதீங்க." மற்றவர்களும் சிரித்தார்கள். புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. நான்தான் போய்ச் சொன்னேன். அத்தனை பேர் மூஞ்சியிலும் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

"நான் இருமலுக்குத்தாம்மா வந்தேன்," என்றாள் அவள். "சளியில ரத்தம் வருது."

எதற்கு வந்தாய் என்று அவளை யாருமே கேட்டிருக்கவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டேன். வலது பக்கம், தோளெலும்புக்குக் கீழே கரகரவென்று சத்தம். காசநோய்தான் என்று பட்டது. விடாமல் மருந்து சாப்பிட்டால் பிழைத்துவிடுவாள், இல்லாவிட்டால் இல்லை. புரொபசரைக் கூப்பிடுங்கள் என்று சீனியரிடம் சொன்னேன். அவர் என்னை நகரச் சொல்லிவிட்டுத் தானே வைத்துக் கேட்டார். மறுபடியும் அதே மலர்ந்த முகம்.

"இதுதான் நல்ல கேஸ். எல்லாரும் வாங்க."

பையன்கள் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு வரிசை கட்டினார்கள். அவள் பார்த்தாள். எழுந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எனக்கு இருமலே இல்லீங்க," என்றாள்.

என் கையை விலக்கிவிட்டு வெளியே நடந்தாள். பின்னாலேயே ஓடிக் கூப்பிட்டேன். புருஷன் திரும்பிப் பார்த்தார், அவள் பார்க்கவில்லை. வாசலைத் தாண்டி, பலாமரத்தையும் தாண்டும்வரை, இருமலை அடக்கிக்கொண்டே போனாள்.