டெல்லிக்குப் போகாத விண்ணப்பம்

என் மனைவிக்கு விசா மறுக்கப்படவில்லை. அவளுடைய விண்ணப்பத்தை நான் கொடுக்கவே இல்லை.

இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். சுதாவிடம் சொல்ல இந்த ஐந்து வருடத்தில் வாய் வரவில்லை...

2004-இல், எலெக்ட்ரானிக் சிட்டியில் இருந்த என் கம்பெனி மூன்று மாத வேலையாக என்னைச் செக் நாட்டுக்கு அனுப்பியது. செய்தி கேட்ட அன்றே சுதா ஒரு நோட்டு வாங்கிவிட்டாள். ஜோகுபாளையத்துப் பள்ளியொன்றில் சரித்திர ஆசிரியை அவள். பழைய ஊர் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். கடைசி இரண்டு வாரம் தானும் வந்து, வாடகைக் காரில் டெல்ச், குட்னா ஹோரா, செஸ்கி க்ரும்லோவ் என்று சுற்றுவதாகத் திட்டம். ஊருக்கு ஒரு பக்கம் ஒதுக்கிக் கேள்விகளை எழுதினாள்.

விண்ணப்பத்தை நிரப்பி, போட்டோ ஒட்டி, பாஸ்போர்ட்டோடு என்னிடம் தந்தாள். ஆபீசில் கொடுத்தால் டெல்லியில் இருக்கும் தூதரகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அது என் மேஜை இழுப்பறையிலேயே கிடந்தது.

ஏன் என்று கேட்கிறீர்களா? ஆபீசிலிருந்து உடன் வந்த மூவரும் அதே காரில் சுற்றுவதாக இருந்தார்கள்; கல்யாணமாகாதவர்கள். குடும்பம் வந்தால் நான் தனி வண்டி பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். அது மட்டுமா? இல்லை... அவள் வந்தால் எல்லாரும் அவள் பேச்சைத்தான் கேட்பார்கள், நான் வெறும் டிரைவர் ஆகிவிடுவேன் என்று பயந்தேன். என்ன அற்பத்தனம்!

டெல்லியில் மறுத்துவிட்டார்கள், காரணம் சொல்லவில்லை என்றேன். பிறகு அந்த நோட்டை என் பெட்டியில் வைத்தாள்.

"நான் வந்தா என்னென்ன பாப்பேனோ, எல்லாம் பாத்து பதில் எழுதிட்டு வாங்க."

எழுதினேன். அந்த நோட்டு இல்லாவிட்டால் படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருப்பேன். டெல்ச் சதுக்கத்து வீடுகளின் முன்னால் ஏன் வளைவுகள் தாங்கிய கூரையோடு நடைபாதை என்று கேட்டிருந்தாள். மழை பிடித்துக்கொண்டபோது அங்கேதான் ஒதுங்கி நின்றோம். பதில் தானாகக் கிடைத்தது. குட்னா ஹோராவின் எலும்புத் தேவாலயத்தில் பயப்பட மறந்து, மனித எலும்புகளால் கோத்த சரவிளக்கில் எது முதுகெலும்பு, எது தாடை என்று தேடினேன். க்ரும்லோவ் கோட்டைக்கு ஒரே கேள்வி: சுவரில் தெரிவது நிஜக் கல்லா, தொட்டுப் பாருங்கள். தொட்டேன். வழவழவென்று பூச்சு! கல் கல்லாகத் தெரிந்ததெல்லாம் வரைந்த ஓவியம்.

"உனக்கு எப்படி மச்சா இவ்ளோ தெரியும்?" என்றான் ஒருவன்.

படித்தேன் என்றேன். அவள் பெயரைக்கூடச் சொல்லவில்லை. பாருங்கள், அவளை விட்டுவிட்டுப் போனதோடு நான் நிற்கவில்லை!

ஊர் திரும்பியதும் பதில்களை வரி வரியாகப் படித்தாள். சுவர் சில்லென்று இருந்ததா என்று கேட்டாள். அது எனக்கு நினைவில்லை. அவளாக இருந்தால் நினைவிருக்கும்.

காலப்போக்கில் மறந்துவிடும் என்றுதான் நம்பியிருந்தேன்... கனடாவில் இருக்கும் அவள் தங்கைக்கு இப்போது பிரசவம். துணைக்குக் கூப்பிட்டிருக்கிறாள். நேற்று சாப்பாட்டு மேஜையில் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்த சுதா, ஒரு கேள்வியில் நின்றாள். இதற்கு முன் எந்த நாடாவது உங்களுக்கு விசா மறுத்திருக்கிறதா?

"ஆமான்னு போட்டுடறேங்க. மறைச்சா தப்பாயிடும்."

நாட்டின் பெயரை எழுதினாள். வருடத்தை எழுதினாள்.

"காரணம்னு கேட்டிருக்கே... என்ன எழுதட்டும்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? பேனாவைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாதுன்னு எழுது."

குண்டு குண்டான எழுத்தில் அப்படியே எழுதினாள். கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து ஒட்டினாள். நாளை லீவு கிடைக்காது, ஆபீஸ் போகிற வழியில் நீங்களே கொடுத்துவிடுங்கள் என்று என் பையில் வைத்தாள்.

கொடுத்தால், நடக்காத ஒன்றைத் தன் கையால் ஒப்புக்கொண்டவள் ஆகிறாள். கொடுக்காவிட்டால், இது இரண்டாவது முறை.

பை என் காலடியில் இருக்கிறது.