எஸ்தரக்கா கேட்ட ஊர்

போன மாதம் சென்னையில் என் தங்கை மகள் என்னை ஒரு நாடகத்துக்கு அழைத்துப்போனாள். மேடை கிடையாது, நாற்காலி கிடையாது. காதில் ஹெட்போனை மாட்டித் தெருவில் நடக்கவிட்டார்கள். பஸ் சத்தம், பூக்காரி சத்தம் எல்லாவற்றையும் கேட்டபடி நடக்கிற நாம்தான் நடிகர்களாம். "இது ரொம்பப் புதுசு பெரியம்மா" என்றாள். நான் சிரித்துக்கொண்டேன். ஹெட்போன் அழுத்திய இடம் வலித்ததும் எனக்குத் தென்காசி ஞாபகம் வந்துவிட்டது.

அறுபதுகளின் தொடக்கத்தில் அங்கே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டர். நாள் முழுக்கத் தலையில் அதே மாதிரி ஒன்று. அந்த வயதில் என்னைக் கடந்து போனவர்களுக்கு மல்லிகை வாசம் வந்ததோ இல்லையோ, தலைவலித் தைல வாசம் நிச்சயம் வந்திருக்கும். பக்கத்து நாற்காலியில் எஸ்தரக்கா, என்னைவிடப் பத்து வயது மூத்தவள். பேசுகிறவர் ஊர் சொல்வதற்குள் அவள் சொல்லிவிடுவாள். "பின்னால ரயிலு ஊதுது பாரு, செங்கோட்டை." "தண்ணி இரைச்சல் கேக்குதா? குத்தாலம்." நானும் முயன்று, அரிசி மில்லை அருவி என்று சொல்லி மாட்டிக்கொண்டதுண்டு.

அவள் காது அப்படிக் கூர்மையானதன் காரணம் எனக்கு மட்டும் தெரியும். அவளுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. எந்த லைன் கூப்பிடுகிறதோ அதன் சின்ன மூடி போர்டில் 'டக்' என்று விழும்; அந்தச் சத்தத்தை வைத்து, விரலால் தடவிக் கண்டுபிடிப்பாள். எழுத வேண்டியதை நான் எழுதிவிடுவேன். "வெளிய சொல்லிராதட்டி, வீட்டுக்கு அனுப்பிருவாங்க" என்பாள். வீட்டில் அவளையே நம்பிப் படுக்கையில் கிடந்த அம்மா.

ஒரு சீசனில் குற்றாலத்தில் ஆபீஸ் குடும்ப விழா. எஸ்தரக்கா ஒரு நாடகம் போட்டாள். கண் தெரியாத பெண் ஒருத்தி, புது ஊரில் சத்தங்களைக் கேட்டே வீடு போய்ச் சேர்கிற கதை. பார்க்க வந்தவர்களைக் கொட்டகையில் சுற்றி உட்காரவைத்து ஆளுக்கொரு வேலை கொடுத்தாள். ஒரு மூலை பஸ் ஸ்டாண்டு, ஒரு மூலை சந்தை, இட்லிச் சட்டி மூடிதான் கோயில் மணி. சூப்பர்வைசர் அண்ணாச்சிக்கு ரயில் வேலை. எப்போதும் கடுகடுவென்று இருக்கிற மனிதர் கன்னம் உப்பக் 'கூ' என்றதும் அவர் மனைவிக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. எஸ்தரக்கா கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு நடுவில் நடந்தாள்.

பாதியில் மழை பிடித்தது. தகரக் கூரை. ஒரு சத்தமும் கேட்கவில்லை. எஸ்தரக்கா நின்றுவிட்டாள். கையை நீட்டித் துழாவினாள். கண்கட்டு நழுவி விழுந்தது. அப்போதும் துழாவினாள்.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஓடிப்போய் அவளைப் பிடிக்க வேண்டிய எனக்கோ கால் நகரவில்லை. அண்ணாச்சிதான் எழுந்து போனார். அவள் காதோரம் குனிந்து, மெதுவாகக் 'கூ' என்றார்.

எஸ்தரக்கா சிரித்துவிட்டாள். அவர் பக்கம் ஓர் அடி வைத்தாள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து வரிசையாக நின்று, அவள் வர வரக் காதில் தங்கள் சத்தத்தைச் சொன்னார்கள். அவள் வீடு சேர்ந்தாள்.

திங்கட்கிழமை அண்ணாச்சி எங்கள் பின்னால் வந்து நின்றார். எஸ்தரக்காவுக்காக எழுதிக்கொண்டிருந்த சீட்டை நான் கையால் மூடினேன்.

"எஸ்தரு, இது பாக்குத வேலையா, கேக்குத வேலையா?"

"கேக்குத வேலைதான் சார்."

"அப்ப உக்காந்து கேளும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆபரேட்டர் தேவைப்படாத ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச் வரும்வரை அவளை அந்த நாற்காலியிலிருந்து யாரும் எழுப்பவில்லை. கண் முழுதும் போன பிறகும் தனியாகத்தான் வீட்டுக்கு நடப்பாள். விழாவுக்கு வந்தவர்கள் சொல்லி, அவள் போகிற ரத வீதி முழுக்க விஷயம் பரவியிருந்தது. "எக்கா, வண்டி நிக்கி, இடப்பக்கமா வாங்க" என்று ஒரு கடை விட்டால் அடுத்த கடை குரல் கொடுக்கும்.

அவள் காலமாகிப் பல வருஷமாகிறது. போன தை மாதம் அந்த வீதியைக் கடக்க, ஹாரன்களுக்கு நடுவே கால் மணி நேரம் நின்றேன். எந்தக் கடையிலிருந்தும் யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அந்த இரைச்சலில் எனக்குக் கேட்டிருக்காது.