ஹீப்ருக் கல்யாணப் படங்களும் எங்கள் வீட்டுச் சம்பந்தமும்

என் கணவருக்கு இஸ்ரேலிய நகைச்சுவைப் படப் பித்து பிடித்தது வேலை நிமித்தமாகத்தான். துபாயில் கப்பல் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் இருக்கிறார். இரு நாடுகளுக்கும் இடையே விமானம் விட்ட புதிதில் இஸ்ரேலின் ஹைஃபா துறைமுகத்திலிருந்து ஒரு வாடிக்கையாளர் வந்தார். மேசையைத் தட்டிச் சண்டை போட்டவர், அடுத்த நிமிடமே இவர் தோளில் கைபோட்டு, ஏன் ஒரே பிள்ளையோடு நிறுத்திவிட்டாய் என்று உரிமையாகக் கேட்டாராம். இவர் வெலவெலத்துப்போய் வீடு வந்தார்.

"இவங்களைப் புரிஞ்சுக்கோணும்னா படம் பார்த்தாத்தான் ஆகும்" என்றார். மனிதர்களைப் புரிந்துகொள்ள நேரே தியேட்டருக்குப் போகும் ஜாதி நாம்தானே.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் துபாய் சத்வாவில் எங்கள் வீட்டு ஹாலில் ஹீப்ரு முழங்கியது. கீழே ஆங்கிலத்தில் வசனம் ஓடும். நாங்கள் இருவரும் மகளும் உட்கார்ந்து பார்ப்போம். பழைய படங்கள் பெரும்பாலும் ஒரே கதைதான். போலந்திலிருந்து வந்த பணக்காரக் குடும்பம், மொராக்கோவிலிருந்து வந்த ஏழைக் குடும்பம், நடுவில் ஒரு காதல். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஒருவரும் கேட்க மாட்டார்கள், யாராவது ஒரு அம்மா யார் வாயிலாவது எதையாவது திணித்துக்கொண்டே இருப்பாள். புதிய படங்களில் துக்க வீட்டிலேயே அக்கா தங்கைகள் சண்டை பிடிப்பார்கள். ராணுவ முகாம் வாசலில் ஒரு தாய் சோற்றுப் பாத்திரத்தோடு நிற்பாள். அந்த மனிதர்களை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. கோயம்புத்தூரில் என் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் பார்த்த முகங்கள்தான் அவை.

இவருக்குப் பிடித்தது படங்களில் வரும் பெண்ணின் அப்பா. பையன் வீட்டாரிடம் அவர் எந்த ஊர் என்பார். டெல் அவிவ் என்றால், அதற்கு முன்னால் என்பார். அதற்கும் முன்னால் என்பார். இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

"ஒரே மதம், ஒரே நாடு. இவனுங்களுக்குள்ள இன்னும் என்னத்தத் தோண்டறானுங்க!"

நான் முறுக்கு தின்றுகொண்டிருப்பேன்.

காசாவில் போர் தொடங்கியதும் அந்தப் படங்கள் நின்றுபோயின. அலுவலகத்தில் இவருக்குப் பக்கத்து மேசைக்காரர் காசாவில் பிறந்தவர். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து இதற்குச் சிரிக்க மனம் வரவில்லை என்றார். எனக்கும் வரவில்லை. திரையில் சோற்றோடு நின்ற அந்தத் தாயை நினைத்தாலும் மனம் கனத்தது, காசாவின் தாய்மாரை நினைத்தாலும் கனத்தது.

அப்படியிருக்கையில்தான் மகள் ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் தொழிற்சாலையில் இன்ஜினியர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா இல்லை; அம்மா சவூதியில், அல் கோபாரில் ஓர் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். அப்பாவின் சம்மதம் வேண்டும், அது இல்லாமல் செய்துகொள்ள மாட்டேன், வேறு யாரையும் கட்டிக்கொள்ளவும் மாட்டேன் என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

ஒரு சனிக்கிழமை காலை, லீவில் வந்திருந்த அம்மாவும் பையனும் வந்தார்கள். அந்த அம்மா பயத்தம் பணியாரம் கொண்டுவந்திருந்தார். நலம் விசாரித்த கையோடு இவர் ஆரம்பித்துவிட்டார்.

"உங்களுக்கு எந்த ஊருங்க?"

"நாங்கள் உரும்பிராய். இவன்ர அப்பான்ர ஆக்கள் கோப்பாய்."

இவர் பெரிதாகத் தலையாட்டினார். ஒன்றும் விளங்கவில்லை என்பது எனக்கு விளங்கியது. கொங்கு நாட்டில் ஊர்ப்பெயர் கேட்டாலே ஆளை அளந்துவிடுவார். கடல் தாண்டி அந்தக் கணக்கு செல்லுபடியாகவில்லை.

"குலதெய்வம் எங்கீங்க?"

"அப்பிடி எங்களுக்கு இல்லை அண்ணை. ஊர்ப் பிள்ளையார்தான். நீங்கள் எந்தக் கோயிலடி ஆக்கள்?"

"நாங்க காங்கேயம் பக்கமுங்க."

இப்போது அந்த அம்மா பெரிதாகத் தலையாட்டினார். அவருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. படித்த பள்ளிக்கூடம் எது என்று அவர் கேட்டார். சொந்தக்காரர்கள் என்ன தொழில் என்று இவர் கேட்டார். நேராகக் கேட்க இருவருக்கும் நாக்கு வரவில்லை. நாகரிகம் தடுத்தது, ஆசை விடவில்லை. மகள் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை.

பையனோ, பஜ்ஜி போட எழுந்து போன நான் சமையலறையில் தனியாகத் திண்டாடுவதைக் கண்டு, "நான் போடுறன் அன்ரி, நீங்கள் போய் இருங்கோ" என்று கரண்டியை வாங்கிக்கொண்டான். எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று அத்தனை பஜ்ஜியையும் அவனே போட்டு எடுத்தான். முதல் தட்டை இவரிடம்தான் கொண்டுவந்து நீட்டினான்.

அவர்கள் கிளம்பிப் போனதும் இவர் சோபாவில் சாய்ந்தார்.

"அத்தனை கேட்டும் ஒண்ணும் தெரியலையே."

மகள் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அப்படியே நின்று கேட்டாள். "தெரிஞ்சிருந்தா என்ன சொல்லியிருப்பீங்கப்பா?"

அவளைச் சும்மா இருக்கச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவளுக்கு அந்தப் பதில் வேண்டியிருந்தது.

இவர் பஜ்ஜித் தட்டையே பார்த்தார். பிறகு, "வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன் சாமி" என்றார். "இந்தப் பையனைப் போயி வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

அவர்கள் ராஸ் அல் கைமா போய்ச் சேரும் முன்பே போனை எடுத்தார்.

"எங்களுக்குப் பூரண சம்மதமுங்க."

ஸ்பீக்கரில் காரின் இரைச்சலோடு அந்த அம்மாவின் குரல் வந்தது.

"எங்களுக்கும் சம்மதம் அண்ணை. ஆனா நீங்கள் ஆர் எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை."

"எனக்குந்தானுங்க" என்று சொல்லிவிட்டு இவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மகள் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.